சங்கில் அளந்த தண்ணீர்

"இவங்க கடைசியா எப்போ தண்ணி குடிச்சாங்க?"

டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி அதுதான். என் மனைவி முத்துலட்சுமி மேசைமேல் கிடந்தாள். வாய் இடது பக்கமாக இழுத்திருந்தது. வலது கை மேசை விளிம்பிலிருந்து நழுவித் தொங்கியது. நர்ஸ் அதை எடுத்து மேலே வைத்தாள். மறுபடியும் நழுவியது.

டாக்டரம்மா அவள் புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டார். கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது. மாவில் கிள்ளிய மாதிரி.

மாமியார் முந்திக்கொண்டு சொன்னார். "பாவி ஒருத்தி ஒரு செம்புத் தண்ணியக் குடுத்துப்பிட்டா டாக்டரம்மா. அதான் ஜன்னி கண்டுருச்சு."

"அதுக்கு முன்னாடி?"

"காலையில ஒரு சங்கு, பொழுது சாய ஒரு சங்கு. அதுக்கு மேல கண்ணுல காட்டல." அத்தை அதைப் பெருமையாகச் சொன்னார். மகளைப் பொறுப்பாகப் பார்த்துக்கொண்ட தாயின் பெருமை.

சங்கு என்றால் பிள்ளைக்குப் பால் புகட்டும் வெண்கலச் சங்கு. உள்ளங்கையில் அடங்கும்.

டாக்டரம்மா அத்தையை ஒன்றும் சொல்லவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையின் பொருள் அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். பிறகு எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டார்.

இந்தத் தொடரை ஆரம்பித்தபோது இந்த அத்தியாயத்தை எழுதுவதாக இல்லை. போன வாரம் எனக்கு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர் வேலை கிடைத்ததையும், அடுத்த வருஷமே கல்யாணம் ஆனதையும் எழுதியிருந்தேன். அச்சில் வந்ததை முத்துலட்சுமி கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள். பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "எழுதுறதா இருந்தா முழுசா எழுதுங்க. இல்லேன்னா எம்பேரை எடுத்துருங்க."

ஆகவே எழுதுகிறேன்.

கிணறு இருக்கிற வீடா?

அப்போது நான் நாகல் நகரில் வாடகை வீட்டில் இருந்தேன். திண்டுக்கல்லில் தண்ணீர்ப் பஞ்சம் என்பது சுற்றுப்பட்டு முழுவதும் தெரிந்த விஷயம். ஆத்தூர்ப் பக்கத்து அணையிலிருந்து குழாய் வந்த பிறகும், கோடையில் பெண்கள் குடங்களை வரிசையில் போட்டுவிட்டுச் சமையலுக்குப் போய், திரும்பி வந்து குடத்தை ஒரு முழம் நகர்த்திவிட்டுப் போவார்கள். இந்த ஊருக்குப் பெண் கொடுக்கவே வெளியூர்க்காரர்கள் யோசித்தார்கள்.

முத்துலட்சுமியின் ஊர் வடமதுரைக்குக் கிழக்கே. வெங்காயமும் நிலக்கடலையும் போடுகிற மானாவாரிக் காடும், கொஞ்சம் கிணற்றுப் பாசனமும் உள்ள குடும்பம். தகப்பனார் இல்லை. அண்ணன் பெருமாள்தான் விவசாயம் பார்த்தார். பெண் பார்க்கப் போனபோது என் சம்பளத்தை யாரும் விசாரிக்கவில்லை. அத்தை கதவுக்குப் பின்னால் நின்றபடி ஒரே கேள்வி கேட்டார்.

"நீங்க இருக்கிற வீட்டுல கிணறு இருக்கா? எம்மக தண்ணிக்குக் குடத்தத் தூக்கிட்டு ரோட்டுல நிக்கப்படாது."

இருக்கிறது என்றேன். உப்புக் கரிக்கிற கிணறு. ஆனாலும் கிணறு. அதற்காகத்தான் பெண்ணைக் கொடுத்தார்கள் என்று பெருமாள் மச்சான் பின்னாளில் கேலி செய்வார்.

அத்தை எப்படிப்பட்டவர் என்று புரியவேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். மகள் தண்ணீருக்குத் தவிக்கக் கூடாது என்று கேட்டு உறுதி செய்துகொண்டு கட்டிக்கொடுத்தவர் அவர்.

நான் செய்த பேரம்

முத்துலட்சுமி உண்டானபோது, பிரசவம் திண்டுக்கல் ஆஸ்பத்திரியில்தான் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். தலைப்பிரசவம் தாய்வீட்டில், ஊர் மருத்துவச்சி கையில் என்பது அத்தையின் பிடிவாதம். கடைசியில் அத்தையே வழிக்கு வந்தார்.

"பிள்ளை பெறுறது ஒங்க இஷ்டப்படி நடக்கட்டும் மாப்பிள்ளை. ஆனா பெத்த பெறகு எம்மக எங்கிட்ட வந்துரணும். பத்தியத்துல நீங்க வாயத் தொறக்கப்படாது. அதுக்குச் சம்மதமா?"

"சம்மதம் அத்தை. நான் வாயே திறக்கமாட்டேன்."

ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். பள்ளியில் சக ஆசிரியர்களிடம், கிராமத்துக்காரர்களைப் பக்குவமாகப் பேசி எப்படி வழிக்குக் கொண்டுவருவது என்று விளக்கம்கூடச் சொன்னேன்.

பெண் குழந்தை சுகமாகப் பிறந்தது. அக்கினி நட்சத்திரம் தொடங்கும் சமயம். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா என்னைத் தனியாக அழைத்தார். நாகர்கோவில் பக்கத்துக்காரர். கறாராகப் பேசுவார்.

"சார், வெயில் காலம். பால் குடுக்கிற உடம்பு. கேக்கும்போதெல்லாம் தண்ணி குடுக்கச் சொல்லுங்க. இந்தப் பக்கத்துல தண்ணியக் காட்டாமப் போட்டு வைக்கிறாங்க. உங்க வீட்டுல அது நடக்கக்கூடாது."

"சரிங்க டாக்டர்" என்றேன்.

அந்தச் 'சரி'யை நான் யாரிடமும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை.

பத்திய அறை

பிள்ளை பெற்றவளைப் 'பச்சை உடம்புக்காரி' என்பார்கள். பச்சைத் தண்ணீர் பட்டால் ஜன்னி வரும், வயிறு சரிந்துவிடும், பால் வழியாகப் பிள்ளைக்குச் சளி இறங்கும் என்பது நம்பிக்கை. காய மருந்து உருண்டை, பூண்டுக் குழம்பு, சுட்ட கருவாடு, குழைந்த சோறு இவைதான் சாப்பாடு. எல்லாம் உடம்பைச் சூடாக்கி வறட்டுகிறவை. சுக்குத் தட்டிக் காய்ச்சிய தண்ணீர் மட்டும் சங்கில் அளந்து.

கோடை விடுமுறை. விடைத்தாள் கட்டோடு நானும் மாமியார் வீட்டில் தங்கியிருந்தேன். அந்த அறைக்கு ஒரே ஜன்னல். அதையும் சாக்கைத் தொங்கவிட்டு மூடியிருந்தார்கள். உள்ளே சாம்பிராணிப் புகையும் பூண்டு வாடையும் பால் வாடையும் கலந்து மூச்சு முட்டும்.

பிள்ளையைப் பார்க்கப் போகும் சாக்கில் ஒருநாள் மத்தியானம் உள்ளே போனேன். முத்துலட்சுமியின் உதடு வெடித்திருந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி, பிரிக்கும்போது சத்தம் கேட்டது.

"தலை இடிக்குதுங்க. நேத்துலருந்து விடாம இடிக்குது. செத்தத் தண்ணி குடுங்களேன்."

மூலையில் மண்பானை இருந்தது. பிள்ளையைக் குளிப்பாட்ட வைத்த தண்ணீர். மேலே தட்டு, தட்டின்மேல் செம்பு. கையை நீட்டினால் எடுத்துவிடலாம்.

நான் கதவைப் பார்த்தேன். அத்தை வந்துவிடுவாரோ என்ற யோசனை. கொடுத்த வாக்கு. படித்தவன் என்ற திமிரில் மீறிவிட்டான் என்று பேச்சு வருமே என்ற கூச்சம். 'இதற்கு முன் இந்த ஊரில் பெற்றவர்கள் எல்லாம் செத்தா போனார்கள்' என்று மனதில் ஒரு சமாதானம். இத்தனையும் சேர்ந்து என் வாயில் வந்தது இதுதான்:

"இன்னும் ரெண்டு நாள்தானே. பொறுத்துக்க."

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வகுப்பில் நான் ரத்த ஓட்டம் பற்றிப் பாடம் நடத்துகிறவன். ரத்தத்தில் பெரும்பங்கு நீர்தான் என்று கரும்பலகையில் எழுதிப் போடுகிறவன். அதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

அன்று சாயங்காலம் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தவள் பொன்னுத்தாய். பெருமாள் மச்சானின் மனைவி, முத்துலட்சுமிக்கு மதினி. கல்யாணமாகிச் சில வருஷம் ஆகியும் அவளுக்குக் குழந்தை இல்லை. ஒரு செம்பு நிறையக் கொடுத்திருக்கிறாள். முத்துலட்சுமி ஒரே மூச்சில் குடித்திருக்கிறாள். செம்பின் அடியில் ஈரத்தைப் பார்த்து அத்தை கண்டுபிடித்துவிட்டார். வீட்டில் பெரிய சத்தம்.

"கேட்டா, குடுத்தேன்" என்றாள் பொன்னுத்தாய். அதற்குமேல் அவள் பேசவில்லை.

மறுநாள் காலை முத்துலட்சுமிக்கு வலிப்பு வந்தது.

ஜன்னி

வலது கை முதலில் வெட்டியது. பிறகு முகம், பிறகு உடம்பு முழுவதும். நின்றதும் வலது பக்கம் துவண்டுபோயிற்று. கண் திறந்திருந்தது. கூப்பிட்டால் 'ங்' என்ற சத்தம் மட்டும் வந்தது.

தலைவலி தண்ணீருக்கு முன்பே வந்தது. இந்த வரிசை எனக்குத் தெரியும். ஆனால் அங்கே எல்லோருக்கும் தண்ணீர் முதலில், ஜன்னி பிறகு. கணக்கு அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது.

அத்தை பொன்னுத்தாயின் முடியைப் பிடித்துவிட்டார். "ஒனக்கு வயிறு தொறக்கலேன்னா எம்மக வயித்துல மண்ணள்ளிப் போடுவியாடி?"

வெங்காய லோடு ஏற்றிக்கொண்டு ரோட்டில் வந்த லாரியை மறித்தோம். மூட்டைகளுக்கு நடுவே முத்துலட்சுமியைக் கிடத்தினோம். நானும் அத்தையும் பிள்ளையோடு ஏறினோம். மச்சான் டிரைவர் பக்கத்தில் ஏறப்போகும்போது, வாசலில் நின்ற மனைவியைப் பார்த்துச் சொன்னார்: "நான் திரும்பி வாரப்ப நீ இங்க இருக்கப்படாது. ஒங்கப்பன் வீட்டுக்குப் போயிரு."

பொன்னுத்தாய் என்னைப் பார்த்தாள். நான் முத்துலட்சுமியின் தலைக்குக் கீழே சாக்கை மடித்து வைத்துக்கொண்டிருந்தேன். அவசியமான வேலைதான். ஆனால் நிமிர்ந்து பார்க்காமல் இருப்பதற்கும் அது வசதியாக இருந்தது.

லாரி போகும் வழியெல்லாம் காய்ந்த வெங்காயச் சருகு பறந்து அவள் முகத்தில் ஒட்டியது. அத்தை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தார்.

வாய்க்காலும் வடிகாலும்

மதுரைக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டேன். வலிப்பு நிற்காமல் ரோட்டில் கொண்டுபோனால் போகிற வழியிலேயே உயிர் போய்விடும் என்றார் டாக்டரம்மா.

அன்றைய வைத்தியம் கொஞ்சம்தான். கண்ணாடிப் புட்டியைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, சிவப்பு ரப்பர் குழாய் வழியாக ஊசியில் குளுக்கோஸ் தண்ணீர் ஏற்றினார்கள். வலிப்புக்குத் தொடையில் ஒரு ஊசி. அந்த மருந்தின் நெடி, அழுகிய பழத்தையும் சாராயத்தையும் சேர்த்துக் கொதிக்கவைத்த மாதிரி இருக்கும். முத்துலட்சுமியின் மூச்சிலேயே அது வரும். விழுங்கத் தெரியும்வரை வாயில் எதுவும் விடக்கூடாது என்று மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். புண் வராமல் இருக்கப் புரட்டிப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். அது என் வேலையும் அத்தையின் வேலையும்.

பக்கத்துக் கட்டிலில் பேகம்பூர்த் தோல் வியாபாரி ஒருவரின் தாயார், ஆயிஷாம்மா. வயது எழுபதை ஒட்டி இருக்கும். அவருக்கும் வலது பக்கம் விழுந்து பேச்சுப் போயிருந்தது. பேச்சு என்றால் முழுவதும் இல்லை. 'சரி, சரி' என்ற ஒரு சொல் மட்டும் மிஞ்சியிருந்தது. பசித்தாலும் 'சரி சரி', கோபம் வந்தாலும் 'சரி சரி'. ஆனால் தொழுகை நேரத்தில் ஓதவேண்டியதை மட்டும் தடங்கல் இல்லாமல் முழுவதும் ஓதுவார். எங்கள் எல்லோருக்கும் அது ஆச்சரியம்.

கூட இருந்து பார்த்துக்கொண்டவர் மருமகள் நூர்ஜஹான். வாயாடி. "எங்க மாமி நான் சொன்ன ஒண்ணுக்காவது தலையாட்டியிருக்கா? இப்பப் பாருங்க வாத்தியாரே, எதுக்கெடுத்தாலும் சரி சரிங்கிது. நான் கேட்ட துஆ இப்பிடியா பலிக்கணும்?" என்று சொல்லிச் சிரிப்பார். சிரித்துக்கொண்டே மாமியாரின் கடைவாயில் வழிவதை முந்தானையால் துடைப்பார்.

ஆயிஷாம்மா அவரை முறைத்து, "சரி! சரி!" என்பார். திட்டுகிறார் என்று எங்களுக்கே புரியும்.

இருவருக்கும் ஒரே நோயா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். வராந்தாவில் நின்று எனக்கு விளக்கினார்.

"ரெண்டு பேருக்கும் மூளையில ரத்தக்குழாய் அடைப்புதான் சார். ஆனா அந்தப் பெரியம்மாவுக்கு ரத்தம் கொண்டுபோற குழாய் அடைச்சிருக்கு. உங்க சம்சாரத்துக்கு, திருப்பிக் கொண்டுவர்ற குழாய். உங்க ஊர்ப் பாஷையில சொன்னா, அவங்களுக்கு அடைச்சது வாய்க்கால். இவங்களுக்கு அடைச்சது வடிகால். வாய்க்கால் அடைச்சா பயிர் காஞ்சு கருகிரும். கருகினது கருகினதுதான், ஓரத்துல இருக்கிறது கொஞ்சம் பிழைக்கும். வடிகால் அடைச்சா வயல்ல தண்ணி தேங்கிப் பயிர் சாயும். அழுகுறதுக்கு முன்னாடி வடிஞ்சிட்டா நிமிர்ந்துரும்."

"இவ நிமிருவாளா?"

"இந்த வாரம் தாண்டினா நிமிருவாங்கன்னுதான் நினைக்கிறேன். சின்ன வயசு."

"எதனால அடைச்சது டாக்டர்?"

"நிச்சயமா இதுதான்னு யாராலயும் சொல்ல முடியாது. பிள்ளை பெத்ததும் ரத்தம் சீக்கிரம் உறையும். அது இயற்கை. அதோட தண்ணியும் குறைஞ்சா இன்னும் கெட்டியாகும். வெயில் காலத்துல இப்படி வர்ற பொண்ணுங்க, நான் பார்த்தவரைக்கும், தண்ணி குடுக்காத வீட்டுப் பொண்ணுங்கதான்."

பிறகு குரலைத் தணித்தார். "அந்த ஒரு செம்புத் தண்ணி குடுத்தாங்களே, அவங்க நல்லதுதான் செஞ்சிருக்காங்க. வீட்டுல நீங்க எடுத்துச் சொல்லுங்க. நான் சொன்னா, டாக்டர் அப்படித்தான் சொல்லும்னு போயிருவாங்க. நீங்க வீட்டு மனுஷர்."

சரி என்றேன். இரண்டாவது தடவையாக.

புறாவும் நிலக்கடலையும்

வலிப்பு நின்றது. ஒருநாள் டாக்டரம்மா தலையைத் தூக்கிப் பிடித்து, கரண்டியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பார்த்தார். விழுங்கினாள். அடுத்த கரண்டிக்கு இடது கை நீண்டு டம்ளரையே பிடித்துவிட்டது. "மெதுவா, மெதுவா" என்றார் டாக்டரம்மா. அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கு அது இன்னும் விஷமாகத்தான் தெரிந்தது. ஆஸ்பத்திரி மருந்தின் சூட்டைத் தணிக்கத்தான் தண்ணீர் தருகிறார்கள் என்று தாமாகவே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் அத்தை கூடையில் ஒரு புறாவோடு வந்து நின்றார். புறா ரத்தத்தைச் சூட்டோடு தேய்த்தால் விழுந்த கை எழும் என்று ஊரில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். டாக்டரம்மா கூடைக்குள் எட்டிப் பார்த்தார்.

"புறா என்னம்மா பாவம் செஞ்சது? அதை விட்டுருங்க. நல்லெண்ணெய் தேய்க்கணுமா, தேய்ச்சுக்கங்க. ஆனா தேய்ச்சுட்டுச் சும்மா விடக்கூடாது. தோள், முழங்கை, விரல் ஒவ்வொண்ணா மடக்கி நீட்டணும். மடக்காத கை மரக்கட்டையாயிரும்."

அத்தை அதைப் பிடித்துக்கொண்டார். மகளின் கையை மடக்கி நீட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அது முடிந்ததும் மடியிலிருந்து நிலக்கடலையை எடுத்துப் போடுவார். வலது கையால் மட்டும் உடைக்க வேண்டும். முதலில் ஒன்றைப் பிடிக்கவே வராது, உருண்டு ஓடிவிடும். நூர்ஜஹான் அதைப் பொறுக்கித் தன் மாமியாரின் கையிலும் திணிப்பார். "நீயும் ஒடை மாமி. பொழுது போகட்டும்." ஆயிஷாம்மா இடது கையால் உடைத்து வாயில் போட்டுக்கொள்வார். "கள்ளி" என்பார் மருமகள்.

ஆயிஷாம்மா கம்பூன்றிய நடையோடும் அந்த ஒற்றைச் சொல்லோடும்தான் வீடு போனார். கடைசிவரை அவருக்கு அதுதான். ஏற்ற இறக்கத்தை வைத்தே வீட்டில் எல்லாம் புரிந்துகொண்டார்களாம்.

இன்றைக்கு ஸ்கேன் இருக்கிறது. உறைந்த ரத்தக் கட்டியைக் கரைக்க மருந்து இருக்கிறது. வாய் கோணினால், கை விழுந்தால், பேச்சுக் குழறினால் ஒரு நிமிஷமும் வீணாக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று என் பேத்திக்கும் தெரியும். அன்று எங்களுக்கு இருந்தது வெங்காய லாரியும், காத்திருப்பதும்தான்.

முத்துலட்சுமிக்குக் கால் முதலில் வந்தது. பிறகு தோள். விரல்கள் கடைசியாக. பேச்சு வேறு வழியில் வந்தது. செம்பைக் காட்டி 'கொக்கு' என்பாள். தப்பு என்று அவளுக்கே தெரியும். கண்ணை மூடித் தேடுவாள். கிடைக்காமல் அழுவாள். கொஞ்சம் கொஞ்சமாகச் சொற்கள் தம் இடத்துக்குத் திரும்பின.

பேர் வைத்த அன்று

ஆடி கழிந்து ஊருக்குக் கூட்டிப்போனோம். பிள்ளைக்குத் தள்ளிப்போட்டிருந்த பேர் வைப்பு அப்போதுதான் நடந்தது. மீனா என்று வைத்தோம். உறவு முழுவதும் கூடியிருந்தது. முத்துலட்சுமி நடந்து வந்ததைப் பார்க்கவே பாதிப்பேர் வந்திருந்தார்கள்.

"எப்பிடித்தா வந்துச்சு இது?" என்று ஒரு கிழவி கேட்க, அத்தை மறுபடியும் ஆதியிலிருந்து சொன்னார். செம்பு, ஈரம், பொன்னுத்தாய், வயிறு திறக்காதவளின் வயிற்றெரிச்சல்.

முத்துலட்சுமி தலையை உயர்த்தினாள். ஒவ்வொரு சொல்லாகப் பிடித்து இழுத்துப் பேசினாள்.

"மதினி... தண்ணி... குடுத்தா."

"அதத்தானத்தா சொல்றேன்" என்றார் அத்தை.

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். வலது கையைத் தூக்கினாள். நடுங்கிய விரல் என்னைக் காட்டியது.

"இவரு... குடுக்கல."

அத்தை எல்லோரையும் பார்த்துச் சொன்னார்: "பாத்தீகளா? எம்மக கேட்டும் மாப்பிள்ளை குடுக்கல. படிச்சவுகன்னா இவுகதான் படிச்சவுக."

எல்லோரும் என்னை மெச்சினார்கள். அவள் சாட்டிய குற்றம் எனக்குப் பாராட்டாகத் திரும்பிவிட்டது. விளக்கிச் சொல்ல அவளிடம் இன்னும் சொற்கள் இல்லை. என்னையே பார்த்தாள். மீதியை நான் சொல்வேன் என்று காத்திருந்தாள்.

நான் பிள்ளையின் துணியைச் சரிசெய்தேன்.

எனக்கு மட்டும்

அதன்பிறகு அவள் என்னிடம் பேசவில்லை.

நாகல் நகர் வீட்டுக்கு அத்தையும் உடன் வந்து தங்கினார். முத்துலட்சுமி அத்தையிடம் பேசினாள், பால்காரனிடம் பேசினாள், பிள்ளையிடம் ஓயாமல் பேசினாள். என்னைக் கண்டால் நிறுத்திவிடுவாள். நான் கேட்டால் தலை மட்டும் அசையும்.

நான் செய்த அடுத்த காரியத்தை எழுத வெட்கமாக இருக்கிறது. டாக்டரம்மாவிடம் போய், இந்த நோயில் சில பேரிடம் மட்டும் பேச்சு வராமல் போவது உண்டா என்று கேட்டேன். உண்மையாகவே கேட்டேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "மூளையில அப்படி ஒரு இடம் கிடையாது சார். வீட்டுல சொல்லச் சொன்னேனே, சொன்னீங்களா?"

சொல்லவில்லை. சொன்னால் பழி அத்தையின் தலையில் விழும், பெற்றவள் தாங்கமாட்டார் என்று எனக்குள் ஒரு காரணம் வைத்திருந்தேன். நல்ல காரணம்தான். ஆனால் அதற்குக் கீழே இருந்த காரணம், எனக்கு முன்பே தெரியும் என்பது வெளியே வந்துவிடுமே என்பது.

வீட்டுக்கு வந்தேன். அத்தை கிணற்றடியில் பிள்ளைத் துணி அலசிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வாய்க்கால், வடிகால், டாக்டரம்மா முதலிலேயே சொல்லி அனுப்பியது, நான் மறைத்தது, முத்துலட்சுமி கேட்டது, நான் மறுத்தது.

அத்தை துணியைப் பிழிந்தார். மறுபடியும் அதையே பிழிந்தார். தண்ணீர் வரவில்லை.

"நான் படிக்காதவ. தெரியாமச் செஞ்சேன். நீங்க தெரிஞ்சேவா செஞ்சீக மாப்பிள்ளை?"

"ஆமா அத்தை."

சமையற்கட்டு வாசலில் முத்துலட்சுமி பிள்ளையோடு நின்றிருந்தாள். எவ்வளவு கேட்டாள் என்று தெரியாது.

அத்தை முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "நானே போனா பொன்னுத்தாய் வர மாட்டா. வரவும் படாது. எம்மகனக் கூட்டிக்கிட்டு நீங்க போங்க."

அய்யலூர் பஸ்

நானும் மச்சானும் பொன்னுத்தாயின் அப்பா வீட்டுக்குப் போனது வியாழக்கிழமை. அய்யலூர்ச் சந்தை நாள். பஸ்ஸுக்கு மேலே ஆடு, உள்ளே ஆட்டுக்காரர்கள். போகும் வழியில்தான் பெருமாள் மச்சானிடம் சொன்னேன். ரொம்ப நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள, அவ வெளக்குமாத்த எடுத்தா ஓடப்படாது. மொத அடி ஒங்களுக்கு. ரெண்டாவது எனக்கு" என்றார்.

அய்யலூரில் இறங்கிக் காட்டு வழியே நடக்கவேண்டும். நிழலே இல்லை. பொன்னுத்தாய் வெங்காயக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்துவிட்டு அந்தப் பாத்தியை முடித்த பிறகுதான் எழுந்து வந்தாள். அவளுடைய தகப்பனார் கட்டிலை இழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுப்பது வழக்கம். ஒரு செம்பு கொண்டுவந்தாள். மச்சானிடம் நீட்டினாள். அவர் அண்ணாந்து முழுவதையும் குடித்துவிட்டுத் திருப்பித் தந்தார். அவள் அதை வாங்கிக்கொண்டு தூணில் சாய்ந்து நின்றாள். எனக்குக் கொண்டுவரவில்லை.

தகப்பனாரையும் வைத்துக்கொண்டே சொன்னேன். எதையும் குறைக்கவில்லை. அவள் விரலிடுக்கில் காய்ந்திருந்த மண்ணை உதிர்த்தபடி கேட்டாள்.

"முத்து எப்பிடிண்ணே இருக்கா?"

"நடக்கிறா. கை இன்னும் கொஞ்சம் பலம் வரணும்."

"பேசுறாளா?"

"எல்லார்கிட்டயும் பேசுறா."

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். என்ன புரிந்ததோ தெரியவில்லை. எனக்குத் தொண்டை ஒட்டிக்கொண்டது. நடந்து வந்த வெயிலும், பேசிய பேச்சும். நாக்கைப் பிரித்தபோது எனக்கே சத்தம் கேட்டது.

"செத்தத் தண்ணி குடும்மா" என்றேன்.

பொன்னுத்தாய் அசையவில்லை.

"இன்னும் ரெண்டு நாள்தானேண்ணே" என்றாள். "பொறுத்துக்கங்க."

அன்று பத்திய அறைக்குள் முத்துலட்சுமியிடம் நான் சொன்ன அதே வார்த்தைகள். பொன்னுத்தாய் கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறாள். கேட்ட பிறகுதான், இனி யாரும் கொடுக்கப்போவதில்லை என்று தெரிந்துதான், அந்தச் செம்பை எடுத்திருக்கிறாள். முடியைப் பிடித்து இழுத்தபோதும், வீட்டை விட்டுப் போகச் சொன்னபோதும் அவள் என் பேரைச் சொல்லவில்லை.

மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். அவளுடைய தகப்பனாருக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னத்தா இது, வீடு தேடி வந்த மனுசனுக்கு..." என்று எழுந்தார்.

"நீ ஒக்காருப்பா." அவள் உள்ளே போனாள். பானையில் செம்பு முங்குகிற சத்தம் கேட்டது. தளும்பத் தளும்பக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும்வரை நின்று பார்த்தாள்.

"இன்னம் வேணுமாண்ணே?"

வேண்டும் என்றேன். இன்னொரு செம்பு கொண்டுவந்தாள்.

அன்றே அவள் எங்களோடு கிளம்பவில்லை. எடுத்த களையைப் பாதியில் விட்டுவிட்டு வரமுடியாது, ஞாயிற்றுக்கிழமை வாரேன் என்றாள். மச்சான் அங்கேயே தங்கி, அவளோடு களையெடுக்கக் காட்டில் இறங்கிவிட்டார். நான் மட்டும் பஸ் ஏறினேன்.

வீடு வந்து சேரும்போது விளக்கேற்றியிருந்தார்கள். முத்துலட்சுமி முறத்தில் நிலக்கடலையை வைத்து வலது கையால் உடைத்துக்கொண்டிருந்தாள். நான் செருப்பைக் கழற்றினேன். அவள் என் பின்னால் வாசலை எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை.

"ஞாயித்துக்கிழமை வர்றா" என்றேன்.

அவள் கையிலிருந்த கடலையை உடைத்து முடித்தாள். தோலை ஊதினாள்.

"நீங்க... சாப்டீங்களா?" என்றாள்.